சினிமா முதலில் ஓடிய ஓட்டல்

மும்பை காலா கோடாவில் டேவிட் சாசூன் நூலகம், ஆர்மி அண்ட் நேவி கட்டடம் இரண்டையும் அடுத்து, துருவேறிய இரும்புத் தூண்களோடு பல மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. எஸ்பிளனேட் மேன்ஷன் என்று இப்போது பெயர். 1871இல் வாட்சன் ஓட்டல் என்ற பெயரில் திறக்கப்பட்ட கட்டடம் அது. இந்த நாட்டில் சினிமா முதன்முதலாகத் திரையில் ஓடியது அந்த ஓட்டலில்தான். பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. அதை இடித்துவிடலாம் என்று பரிந்துரைக்கும் பொறியியல் அறிக்கையும் அதன் தலைமேல் தொங்குகிறது. இடிக்கக் கூடாது என்பது என் கட்சி. அதற்கான காரணங்களைத் தமிழ் வாசகர்களிடம் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகவே நினைக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில், டைப்ரைட்டிங் ஹையரும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் பண்ணிய சர்டிபிகேட்டோடு தாதர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய திருநெல்வேலிப் பிள்ளைகளில் நானும் ஒருவன். மாதுங்காவில் நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அறை. ஊர்க்கார அண்ணன் ஒருவர் சொல்லி, எஸ்பிளனேட் மேன்ஷனில் ஒரு பார்சி வக்கீலிடம் ஸ்டெனோவாகச் சேர்ந்தேன். உயர் நீதிமன்றம் கூப்பிடு தூரத்தில் இருந்ததால் அந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் பார்த்தாலும் வக்கீல்கள். அவர்களோடு குமாஸ்தாக்கள், நோட்டரிகள், டைப்பிஸ்டுகள். எங்கள் அறை ஒரு காலத்தில் விருந்தினர் அறையாக இருந்திருக்கிறது. பிளைவுட் தட்டி வைத்து மூன்றாகப் பிரித்திருந்தார்கள். கூரையோரத்தில் ஓடிய பூவேலைப்பாடு எங்கள் தட்டியில் பாதியில் நின்று, அடுத்த வக்கீலின் அறையில் தொடர்ந்தது. என் மேஜைக்குப் பக்கத்தில் ஓர் இரும்புத் தூண். ஒருநாள் மதியம் அதைத் தட்டிக் காட்டி வக்கீல் சொன்னார்: "இது இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. இந்தக் கட்டடமே கப்பலில் வந்ததுதான்." அன்றைக்குத்தான் நான் அந்தக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தேன்.

அவர் சொன்னது பெரும்பாலும் உண்மை. அமெரிக்க உள்நாட்டுப் போரால் 1861 முதல் 1865 வரை அங்கிருந்து பருத்தி வரத்து நின்றுபோக, லங்காஷயர் ஆலைகள் பம்பாய்ப் பருத்தியை நம்பின. ஊரில் பணம் கொட்டியது. கவர்னர் பார்ட்டில் ஃபிரேர் பழைய கோட்டைச் சுவர்களை இடித்து, வெளியே கிடந்த எஸ்பிளனேட் மைதானத்தை மனைகளாக்கி விற்றார். அதில் ஒரு மனையை வாங்கியவர் ஜான் வாட்சன் என்ற ஜவுளி வியாபாரி. அவருக்கு வடிவமைத்துக் கொடுத்தவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ் என்ற பொறியாளர். லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தின் பிரமாண்டக் கூரையிலும் ஆர்டிஷின் கை உண்டு. தேம்ஸ் நதியின் குறுக்கே உள்ள ஆல்பர்ட் பாலம் அவருடைய வேலை. வாட்சனுக்காக இங்கிலாந்தில் இரும்பை வார்த்து, கப்பலேற்றிக் கொண்டுவந்து, 1867க்கும் 1869க்கும் இடையில் பம்பாயில் பூட்டி நிறுத்தினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இடிக்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை இங்கேதான் கிடக்கிறது. அந்தக் காலத்து மாடிக் கட்டடங்களில் சுவர்தான் சுமை தாங்கும். மாடி கூடக் கூடக் கீழ்ச்சுவரின் கனமும் கூடும். வாட்சன் ஓட்டலில் பாரம் முழுவதும் இரும்புச் சட்டகத்தின் மேல். தூணும் உத்திரமும் சேர்ந்து மாடிகளைத் தாங்குகின்றன; செங்கல் சுவர் இடைவெளியை அடைக்க வந்தது மட்டுமே. இன்று உலகத்து வானுயர் கட்டடங்கள் நிற்கும் தத்துவம் இதுதான். வானுயர் கட்டடங்களின் முன்னோடி என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் சிகாகோவின் ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் 1885இல் எழுந்தது, 1931இல் இடிக்கப்பட்டது. அதற்குப் பதினைந்து ஆண்டுக்கு மேல் மூத்தது நம் ஊரில் இன்னும் நிற்கிறது. இந்தியாவில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய வார்ப்பிரும்புச் சட்டகக் கட்டடம் இது. பொறியியல் கல்லூரிகள் இவ்வளவு இருக்கும் தமிழ்நாட்டில் இதை ஒரு பாடமாகவாவது சொல்லிக்கொடுக்கிறார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

சுமார் 130 அறைகள். நடுவில் கண்ணாடிக் கூரையிட்ட பெரிய கூடம், நடன விருந்துகள் நடந்த இடம். தெருப்பக்கம் மாடிக்கு மாடி நீண்ட பால்கனிகள். வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே அனுமதி. 1896 ஜனவரியில் மார்க் ட்வெய்ன் வந்து தங்கினார். பம்பாய்க் காகங்களைப் பற்றி அவர் ரசித்து எழுதியது பலருக்கும் தெரியும். அதே பயண நூலில் இன்னொன்றும் இருக்கிறது. ஓட்டலுக்கு வந்து இறங்கியவுடன், அறையை ஒழுங்குபடுத்த வந்த ஜெர்மானியர் ஒருவர், உடன் வந்த இந்திய வேலைக்காரனை ஏதோ சின்னத் தவறுக்காகத் தாடையில் ஓங்கி அறைகிறார். அடிபட்டவன் எதிர்ப்பேதும் சொல்லாமல் ஏற்றுக்கொள்கிறான். ட்வெய்னுக்குத் தன் சிறுவயதில் மிசௌரியில் கண்ட அடிமைகள் நினைவுக்கு வருகிறார்கள். வாட்சன் ஓட்டலைக் காப்பாற்றச் சொல்லும் நாங்கள் அந்த அடியையும் சேர்த்தே நினைவில் வைக்கச் சொல்கிறோம். பளிங்கையும் நடனக் கூடத்தையும் மட்டும் புகழ்வது அந்த வேலைக்காரனுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

அதே ஆண்டு, அதே ஓட்டல். 1896 ஜூலை 7, மழைக்காலம். லூமியேர் சகோதரர்களின் ஆளான மாரியஸ் செஸ்தியே என்ற பிரெஞ்சுக்காரர் ஆஸ்திரேலியா போகும் வழியில் பம்பாயில் இறங்கியிருந்தார். கையில் சினிமாட்டோகிராஃப் கருவி. பாரிஸில் முதல் கட்டணக் காட்சி நடந்தது 1895 டிசம்பர் 28. அதிலிருந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓடும் ஆறு படங்கள். ரயில் நிலையத்துக்குள் வண்டி வந்து நிற்பது, ஆலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறுவது, கடலில் குளிப்பது, ஒரு சுவரை இடிப்பது என்று அன்றாடக் காட்சிகள்தான். நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய். அன்றைய கூலிக்கு அது எவ்வளவு பெரிய பணம் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

ஓட்டலுக்குள் நாலு பேர் பார்த்ததோடு நின்றிருந்தால் அது வெறும் தகவல். ஒரே வாரத்தில், ஜூலை 14 முதல், காட்சி நாவல்டி தியேட்டருக்கு மாறியது. அங்கே கட்டணம் நாலணாவிலிருந்து இரண்டு ரூபாய் வரை எனப் பிரிக்கப்பட்டது. கோஷாப் பெண்களுக்குத் தனித் தடுப்பு வைத்தார்கள். அதாவது, பம்பாய் ஜனங்கள் உள்ளே வந்துவிட்டார்கள். டூரிங் கொட்டகைத் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து படம் பார்த்து வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்த நாலணாதான் ஆரம்பம். அந்தக் காட்சிகளால் ஈர்க்கப்பட்ட ஹரிச்சந்திர சகாராம் பட்வடேகர் என்ற புகைப்படக்காரர் இங்கிலாந்திலிருந்து ஒரு கேமரா வரவழைத்து, 1899இல் ஹேங்கிங் கார்டனில் நடந்த மல்யுத்தத்தைப் படம் பிடித்தார். தெற்கே, திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1905இல் கருவியையும் படங்களையும் விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். அது எழுந்த சாலைக்கும் அதுதான் பெயர். வாட்சன் ஓட்டலில் தொடங்கிய கதையின் தமிழ் அத்தியாயம் வின்சென்டுடையது.

மும்பையில் டாக்ஸி ஏறினால் ஒரு கதை கேட்கலாம். ஜாம்ஷெட்ஜி டாட்டாவை வாட்சன் ஓட்டல் வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பினார்களாம். அந்த ரோஷத்தில் அவர் தாஜ் மஹால் ஓட்டலைக் கட்டினாராம். நெஞ்சுக்கு இதமான கதை. ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் பலமுறை எழுதிவிட்டார்கள். 1896இல் பிளேக் வந்து பம்பாய் நிலைகுலைந்து போயிருந்தது. அந்த ஊரின் மேல் உலகத்துக்கு மறுபடி நம்பிக்கை பிறக்க வேண்டும் என்று டாட்டா விரும்பினார். 1903 டிசம்பர் 16 அன்று தாஜ் திறந்தது. இந்தக் கதையால் ஒரு கேடு நடந்திருக்கிறது. தாஜ் நம்முடைய மானம், வாட்சன் நம்மை அவமதித்தவன் என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. அவமதித்தவன் வீடு இடிந்தால் யாருக்கு என்ன? நான் வேலை பார்த்த நாட்களில் படித்த வக்கீல்களே இந்தப் பேச்சைப் பேசிக் கேட்டிருக்கிறேன். வெள்ளையருக்கென்று கட்டிய ரயில்வே கிளப்பும் கவர்னர் மாளிகையும் இன்று நம்முடையவை. வாட்சன் ஓட்டலும் அப்படித்தான்.

தாஜ் வந்தபின் வாட்சனின் மவுசு இறங்கியது. பிறகு ஓட்டலே மூடப்பட்டு, அறைகள் துண்டு துண்டாக வாடகைக்குப் போயின. அதற்குப் பின் நடந்ததை நான் உள்ளேயிருந்து பார்த்தவன்.

1947இன் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் அளவில் கட்டிப்போட்டது. ஏழைகளைக் கொள்ளை வாடகையிலிருந்து காத்த சட்டம் அது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பத்தாண்டுகள் பல கடந்தும் அது தளரவில்லை. எங்கள் வக்கீல் அறையின் வாடகை ரசீதை நான்தான் கோப்பில் சேர்ப்பேன். அந்தத் தொகைக்கு ஃபோர்ட் வட்டாரத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஒருவேளை வயிறாரச் சாப்பிட முடியாது. வாடகை வராத சொத்தில் உரிமையாளர் ஏன் பணம் போடுவார்? தனக்குச் சொந்தமில்லாத கூரைக்கு வாடகைதாரர் ஏன் பணம் போடுவார்? வாடகை உரிமை ஆள் மாறும்போது பக்டி என்ற பெயரில் கைமாறும் பெருந்தொகை ஒவ்வொரு முறையும் யார் பையிலோ போனது. சுவருக்கு ஒரு கரண்டி சிமென்ட் வந்து சேரவில்லை. பழுது பார்க்கும் அரசு வாரியம் எப்போதாவது வந்து ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டுப் போகும்.

நடனக் கூடம் என்று சொன்னேனே, நான் பார்த்த காலத்தில் அங்கே உடைந்த நாற்காலிகளும் தண்ணீர்த் தொட்டிகளும் தகர ஷெட்டுகளும் குவிந்து கிடந்தன. பால்கனிகளை அடைத்து அறையாக்கியிருந்தார்கள். கழிவறை வேண்டியவர்கள் தோன்றிய இடத்தில் குழாய் இழுத்தார்கள். வழக்குக் கட்டுகளை அடுக்கப் பரண் மேல் பரண் எழுந்தது. காகிதத்தின் கனம் என்ன என்று கோர்ட்டு குமாஸ்தாவுக்குத் தெரியும். ஜூன் பிறந்தால் எங்கள் தூணோரம் தண்ணீர் இறங்கும். அதன் அடியில் பிளாஸ்டிக் வாளி வைப்போம். வார்ப்பிரும்பு பாரத்தை நன்றாகத் தாங்கும். ஆண்டுக்கணக்கில் ஈரம் கோத்துக் கிடந்தால், அதுவும் அதோடு சேர்ந்த மற்ற இரும்பும் அரிக்கப்பட்டுப் பலம் இழக்கும். இந்தக் கட்டடம் வயதானதால் விழவில்லை, ஒழுகலை அடைக்காததால் விழுகிறது.

2005 ஜூலையில் முகப்பின் ஒரு பகுதி சரிந்து ஓர் உயிர் போனது. உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்தில் உள்ள நூறு இடங்களின் 2006ஆம் ஆண்டுப் பட்டியலில் இதைச் சேர்த்தது. 2018இல் யுனெஸ்கோ மும்பையின் விக்டோரியன் கோதிக், ஆர்ட் டெகோ கட்டடத் தொகுதிகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்த வட்டாரத்துக்குள்தான் வாட்சன் நிற்கிறது. அதே 2018இல் ஒரு பால்கனி இடிந்து கீழே நின்ற வண்டிமேல் விழுந்தது. 2019இல் எல்லோரையும் வெளியேற்றினார்கள். பம்பாய் ஐஐடி நிபுணர்கள் இது பழுது பார்க்கும் நிலையைக் கடந்துவிட்டது, இடிக்கலாம் என்று அறிக்கை கொடுத்தார்கள். பாரம்பரியக் கட்டடக் கலைஞர்கள் அதை ஏற்க மறுத்தார்கள்.

உயிர்ப் பாதுகாப்பைப் பற்றி ஐஐடி கவலைப்பட்டது சரி. அந்தப் பால்கனிக்குக் கீழே தினமும் நடந்தவன் என்ற முறையில் ஆட்களை வெளியேற்றியதையும் வரவேற்கிறேன். ஆனால் இன்று குடியிருக்கத் தகாது என்பதும், என்றைக்குமே காப்பாற்ற முடியாது என்பதும் வேறு வேறு. பூட்டிய இரும்பைக் கழற்ற முடியும். கெட்டுப்போன துண்டை எடுத்துவிட்டு, அதே அச்சில் புதிதாக வார்த்துப் பூட்ட முடியும். சுவர்கள் பாரம் தாங்காதவை என்பதால் அவற்றைப் பகுதி பகுதியாக மாற்றலாம். செலவு பெரிது, வேலை மெதுவானது. முடியாத வேலை அல்ல.

முடியும் என்பதற்கு ஆர்டிஷின் சொந்த நாடே சாட்சி. அவர் கூரையில் உழைத்த அதே செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்தின் முகப்பில் மிட்லண்ட் கிராண்ட் என்ற ஓட்டல் 1873இல் திறந்தது. அறைக்கு அறை குளியலறை இல்லாத பழைய அமைப்பால் நடத்த முடியாமல் 1935இல் மூடினார்கள். ரயில்வே அலுவலகமாக மங்கிக் கிடந்தது. 1960களில் இடிக்கத் திட்டம் போட்டபோது, கவிஞர் ஜான் பெட்ஜமன் உள்ளிட்டோர் போராடினார்கள். 1967இல் முதல் நிலைப் பாதுகாப்பு கிடைத்தது. 2011இல் அது மறுபடி ஓட்டலாகவே திறந்தது. ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகள் காத்திருந்து மீண்ட ஓட்டல். வாட்சனுக்கு நாம் அந்த அவகாசத்தைக்கூடக் கொடுக்க மாட்டோமா?

பணம் இல்லை என்பார்கள். 2019 ஜனவரியில், மும்பை பெடர் சாலையில் இந்திய சினிமாவின் தேசிய அருங்காட்சியகத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். சுமார் 140 கோடி ரூபாய்ச் செலவு. நல்ல அருங்காட்சியகம், போய்ப் பார்த்திருக்கிறேன். லூமியேர் படங்கள் பம்பாய்க்கு வந்த சேதி அங்கே உண்டு. அது திறந்த சில மாதங்களில்தான், அந்தப் படங்கள் ஓடிய கட்டடத்தைக் காலி செய்து பூட்டினார்கள். கடைசியாக நான் போனபோது வெளியே வலை போர்த்தியிருந்தது. இந்தியாவில் முதல் சினிமா ஓடிய இடம் என்று சொல்ல ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை.

என்ன செய்யலாம்? தனியார் உரிமையாளரையும் பழைய வாடகைதாரர்களையும் ஒருவரோடு ஒருவர் மோதவிட்டு நீதிமன்றம் முடிவு செய்யட்டும் என்று அரசு ஒதுங்கக் கூடாது. மகாராஷ்டிர அரசு நியாயமான இழப்பீடு கொடுத்துக் கட்டடத்தைக் கையகப்படுத்த வேண்டும். வெளியேற்றப்பட்ட சிறு வாடகைதாரர்களுக்கு, ஜெராக்ஸ் கடைக்காரர், டைப்பிஸ்ட், டீக்கடைக்காரர் உட்பட, அதே வட்டாரத்தில் இடமோ தக்க பணமோ கிடைக்க வேண்டும். சட்டகத்தை முதலில் முட்டுக்கொடுத்து மழையிலிருந்து மூட வேண்டும். ஒவ்வொரு மழைக்காலமும் வழக்கை இடிப்பவர் பக்கம் தள்ளுகிறது. பழுது பார்த்த பின் மேல்மாடிகள் ஓட்டலாகவே நடந்து வருமானம் ஈட்டட்டும். நடுக்கூடத்தில் ஒரு சின்னத் திரையரங்கு வேண்டும். அங்கே கட்டணம் யாருக்கும் எட்டுகிற அளவில் இருக்க வேண்டும்.

தமிழ்த் திரைத்துறையிடம் ஒரு வேண்டுகோள். நடிகர் சங்கமும் தயாரிப்பாளர், இயக்குநர் சங்கங்களும் எத்தனையோ விழா எடுத்திருக்கிறீர்கள். சினிமாவின் நூற்றாண்டு விழாவும் கொண்டாடினீர்கள். வாட்சன் ஓட்டலை இடிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டு மகாராஷ்டிர முதல்வருக்கும் மத்திய கலாச்சார அமைச்சகத்துக்கும் அனுப்புங்கள். வரும் ஜூலை 7க்குள் அது போய்ச் சேரட்டும்.